நம்பி விடலாமா வண்டியை?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவது என்று நம் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. முடி வெட்ட ஒரு கடை, சட்டை தைக்க ஒரு டெய்லர், மளிகைக்கு ஓர் அண்ணாச்சி என்று எல்லாவற்றுக்கும் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருக்கிறார். ஆனால் "வண்டியை எங்கே சர்வீஸ் விடலாம்?" என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அறுபது பேர் அறுபது பதில் சொல்வார்கள். அதில் பாதிப் பதில், "அங்க மட்டும் போயிடாத மச்சான்!" என்பதாகத்தான் இருக்கும்!

இயந்திரத்தைப் படிக்க வந்த நமக்கே இந்தக் கதி என்றால், எஞ்சின் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வண்டி ஓட்டும் மற்றவர்கள் பாடு என்ன?

"நல்ல மெக்கானிக் கிடைக்கறது எல்லாம் அதிர்ஷ்டம்பா" என்று பலரும் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருக்குறளில் 51ஆவது அதிகாரத்துக்குப் பெயரே 'தெரிந்து தெளிதல்'. ஓர் ஆளை முதலில் ஆராய வேண்டும், பிறகு நம்ப வேண்டும் என்பதற்கென்றே ஓர் அதிகாரம்! அது அரசன் தனக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காகச் சொன்னது. நம்மிடம் நாடு இல்லை, வண்டி இருக்கிறது. அதற்கும் அந்த வழிதான் பொருந்தும். நம்பிக்கையான மெக்கானிக்கை ஆராய்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு, அவர் நம்மிடம் நேர்மையாக நடக்க நாமும் ஒரு பாதி வேலை செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இது அவ்வளவு பெரிய விஷயமா?

"நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க, ஆண்டு மலரில் எழுத பைக் சர்வீஸ்தான் கிடைத்ததா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் நம் கல்லூரி வாசலில் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் பாருங்கள். முக்கால்வாசி வண்டி நம்முடையது அல்ல, அப்பாவுடையது, அண்ணனுடையது. காலையில் பால் கேனோ, காய்கறி மூட்டையோ ஏற்றி இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு நம்மை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் அவை. அந்த வண்டி ஒரு வாரம் படுத்துவிட்டால் வீட்டில் ஒரு வார வருமானமும் படுத்துவிடும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். சென்ற ஆண்டு எங்கள் விடுதி நண்பன் ஒருவன் பின் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் கழித்து ஸ்பீடு பிரேக்கர் பார்த்துப் பின் பிரேக்கை மிதித்திருக்கிறான். சக்கரம் அப்படியே இறுகிப் பூட்டிக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. பின்னால் பஸ் எதுவும் வராததால் முழங்கை சிராய்ப்போடு தப்பித்தான். வண்டியை நிமிர்த்திப் பார்த்தோம். டிரம் பிரேக்கில் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? அந்தக் கம்பியின் நட்டைக் காணோம். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் நட்டை ஒப்புக்கு மாட்டியிருக்கிறார். நட்டு கழன்று விழாமல் இருக்கப் போடும் ஸ்ப்ளிட் பின்னைப் போடவே இல்லை. கம்பி கழன்றது, பிளேட் சுற்றியது, பிரேக் ராடை இழுத்து முறுக்கியது, சக்கரம் நின்றது. சில ரூபாய் விலையுள்ள ஒரு பின்!

அந்தப் பஞ்சர் கடைக்காரர் அவனை ஏமாற்றவில்லை. காசு அதிகம் வாங்கவும் இல்லை. அக்கறை மட்டும்தான் இல்லை. ஆகவே நம்பிக்கை என்றால் 'குறைந்த ரேட்' என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். காசில் நேர்மை, வேலையில் அக்கறை இரண்டும் சேர்ந்ததுதான் நம்பிக்கை.

அப்போது எளிது, இப்போது கடினம்... ஏன்?

ஒரு காலத்தில் மெக்கானிக் செய்வதை நாம் கண்ணால் பார்க்க முடிந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. இரண்டும் டூ ஸ்ட்ரோக். சைலன்சரில் கரி அடைத்தால் கழற்றிச் சுட்டுச் சுத்தம் செய்தார்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த நம் அப்பாக்களுக்கு எல்லாம் புரிந்தது. அதே 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, பிறகு 1994இல் ஸ்ப்ளெண்டர் என்று ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் ஊரை நிரப்பின. வால்வு, டாப்பெட், டைமிங் செயின் என்று விஷயம் கொஞ்சம் உள்ளே போனது. ஆனாலும் காதுக்குச் சத்தம் கேட்டது, கண்ணுக்குப் புகை தெரிந்தது.

2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 விதி வந்தது. அதன்பின் வந்த புது வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இஞ்செக்ஷன் வந்துவிட்டது. சென்சார், ஈ.சி.யூ., மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்கு! விளக்கு ஏன் எரிகிறது என்று பார்க்க ஸ்கேனர் வேண்டும். அதில் வரும் கோளாறு எண்ணுக்கு அர்த்தம் தெரிய வேண்டும். இப்போது "சென்சார் போச்சு சார், மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையா, கதையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் பள்ளம் பெரிதாகிவிட்டது. பள்ளம் பெரிதானால் சந்தேகமும் பெரிதாகும். சும்மா எல்லாரையும் திருடன் என்று திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனியா? லோக்கலா?

இந்தச் சண்டை நம் கேன்டீனில் தினமும் நடக்கிறது. ஒரு கட்சி, "கம்பெனி சர்வீஸ்தான் சேஃப்டி" என்கிறது. இன்னொரு கட்சி, "அவன் கோட் போட்ட கொள்ளைக்காரன்" என்கிறது. இரண்டும் பாதி உண்மைதான்.

கம்பெனி சர்வீஸில் ஒரிஜினல் ஸ்பேர்ஸ் கிடைக்கும், ஸ்கேனர் இருக்கும், பில் கொடுப்பார்கள். வாரண்டி இருக்கும் வரை அங்கேதான் விட வேண்டும். இதில் வாதமே வேண்டாம். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்குக் காசு உண்டு என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். குறை எங்கே என்றால், நம்மிடம் பேசுபவர் ஒருவர், வண்டியில் கை வைப்பவர் வேறொருவர். நாம் சொன்ன கோளாறு ஜாப் கார்டில் மூன்று வார்த்தையாகச் சுருங்கி உள்ளே போகிறது. உள்ளே இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று. அப்பா வண்டியை ஓர் ஊரில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டார். சுமார் ஆயிரத்து நூறு ரூபாய் ஆகும் என்று சொன்னார்கள். சாயந்திரம் பில் இரண்டாயிரத்து அறுநூறு. ஆயில், பிரேக் ஷூ சரி. அதற்குக் கீழே எஞ்சின் கிளீனர், துரு பிடிக்காத கோட்டிங், பாலிஷ், கடைசியில் செயின் ஸ்ப்ராக்கெட் செட்! அந்தச் செயினை நான் முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்திருந்தேன். பின் பல்சக்கரத்தின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லைவிட்டு எழும்பவே இல்லை. பல்லும் கொக்கி மாதிரி வளையவில்லை. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். "பழைய செட்டைக் கொடுங்க" என்று கேட்டேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சு சார்" என்றார்கள். நான் மேலே பேசுவதற்குள் அப்பா காசை எண்ணிக் கொடுத்துவிட்டார். "விடுடா, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நண்பர்களே, அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக்கூட மறந்துவிடலாம். 'படிச்சவங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

லோக்கல் கடை மட்டும் என்ன யோக்கியம்? கம்பெனி டப்பாவுக்குள் டூப்ளிகேட் ஐட்டம், 'கம்பெனி ஆயில்' என்று சொல்லிக் கேனில் இருந்து ஊற்றும் ஏதோ ஓர் எண்ணெய், "நாளைக்கு வா தம்பி" என்று ஒரு வாரம் இழுத்தடிப்பு, இவையெல்லாம் நமக்குப் புதிதல்ல. ஆனால் லோக்கல் கடையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பவரே நம்மோடு பேசுகிறார். ஆளைப் பார்க்கலாம், கேட்கலாம், சோதிக்கலாம். ஊர்க்காரர் என்பதால் நாளைக்கு டீக்கடையில் நம்மைப் பார்த்தாக வேண்டும். ஆகவே வாரண்டி முடிந்த வண்டிக்கு என் ஓட்டு லோக்கல் கடைக்குத்தான். ஆனால் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த லோக்கல் கடைக்கு!

எப்படி ஆராய்வது?

முதல் தடவையே எஞ்சின் வேலையோடு போய் நிற்காதீர்கள். ஆயில் மாற்றுவது, கிளட்ச் கேபிள் போடுவது, செயின் டைட் வைப்பது போல ஒரு சின்ன வேலையோடு போங்கள். அவசரம் இல்லாத நாளில், கூட்டம் குறைவான நேரத்தில் போங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். தகரக் கூரை, போர்டுகூடக் கிடையாது. அவரிடம் நான் கவனித்தவற்றையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, அவர் கேள்வி கேட்கிறார். "சத்தம் வருதுண்ணே" என்றால் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. "காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா, ஓடும்போதா? கியர் மாத்தினா மாறுதா? கடைசியா யாரு கை வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, தானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார். வேலை முடிந்த பிறகும் ஓட்டிப் பார்க்கிறார். ஓட்டிப் பார்க்காமல் "எஞ்சின் இறக்கணும்" என்று சொல்பவரிடமிருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிகிறது. ஆயில் கறுத்துவிட்டது, மாற்றுங்கள் என்று ஒருவர் வந்தார். "கறுத்தா கெட்டுப் போச்சுன்னு யாரு சொன்னா? அழுக்கைத் தன்கிட்ட இழுத்து வச்சுக்கிறதுதான் ஆயிலோட வேலை. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது நம் பாடத்தில் உள்ளதுதான். ஆயிலில் சேர்க்கும் டிடர்ஜென்ட் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நிறம் மாறுகிறது. நிறத்தைப் பார்த்து அல்ல, கிலோமீட்டரையும் மாதத்தையும் பார்த்துத்தான் ஆயில் மாற்ற வேண்டும். கைக்கு வந்த காசை வேண்டாம் என்று சொல்பவரை நம்பலாம்.

ஆனால் ஒன்று. 'மாற்ற வேண்டும்' என்று சொல்பவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் அல்ல. சில வண்டிகளில் ஆயில் பூசிய பேப்பர் ஏர் ஃபில்டர் வருகிறது. அதை ஏர் அடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். "ஊதிக் குடுத்துடறேன்" என்பவர் நமக்கு நல்லது செய்வதாகத் தோன்றும். உண்மையில் "மாத்துங்க" என்பவர்தான் அங்கே நேர்மையானவர்.

மூன்றாவது, 'என்னால் முடியாது' என்று சொல்லத் தயங்குவதில்லை. எங்கள் வகுப்பு நண்பனின் பி.எஸ்.6 வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "தம்பி, இதுக்கு ஸ்கேனர் வேணும். என்கிட்ட இல்ல. கம்பெனிக்கே கொண்டு போங்க. ஒயரை நான் நோண்டினா செலவு இன்னும் ஏறும்" என்றார். தன் எல்லை தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

நான்காவது, பழைய பொருளைக் கேட்காமலே கையில் தருகிறார். தேய்ந்த பிரேக் ஷூவை விரலால் தடவிக் காட்டி, "பாருங்க, லைனிங் எவ்வளவு இருக்குன்னு" என்கிறார். கூடுதலாக ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு போன் செய்கிறார். ஸ்பேர்ஸ் கடையின் துண்டுச் சீட்டை அப்படியே கொடுத்துவிட்டுத் தன் கூலியைத் தனியாகச் சொல்கிறார்.

ஐந்தாவதுதான் நமக்கென்றே உள்ள சோதனை. மற்றவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவர் கையைப் பாருங்கள். டாப்பெட் செட்டிங்குக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், "எஞ்சின் சூடா இருக்கு, ஆறட்டும். டீ குடிச்சிட்டு வாங்க" என்கிறாரா? சூட்டில் உலோகம் விரிந்திருக்கும்போது இடைவெளி சரியாக வராது. எஞ்சின் குளிர்ந்த பிறகு ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆயில் டிரெயின் போல்ட்டை முதலில் கையால் மரை பிடிக்க வைத்துவிட்டு, அதன்பிறகு ஸ்பேனர் போடுகிறாரா? அலுமினிய மரை, ஒருமுறை போனால் போனதுதான். கழற்றிய நட்டு போல்ட்டை ஒரு தட்டில் வரிசையாக வைக்கிறாரா, மண்ணில் போடுகிறாரா? பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாமல் புதிதாகப் போடுகிறாரா? வாய் ஆயிரம் சொல்லும். கை பொய் சொல்லாது!

நம் பாதி வேலை

மெக்கானிக்கை ஆராய்ந்தால் மட்டும் போதாது. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய் நின்று, "பார்த்துப் பண்ணுங்கண்ணே" என்றால் நல்லவருக்கும் சபலம் வரத்தான் செய்யும். வண்டியோடு வந்த மேனுவலை எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? பாலிதீன் கவரோடு பீரோவில் தூங்குகிறது! டயரில் எவ்வளவு காற்று, செயின் எவ்வளவு தொய்வாக இருக்கலாம், என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று எல்லாம் அதில் போட்டிருக்கிறது.

ஆயில் டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கும். கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக உலர்வாக இருப்பதால் எம்.பி. ரகம் வருகிறது. டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பல கம்பெனிகள் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நம்மில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுதி வையுங்கள். நோட்டோடு போகிறவரிடம் கதை விட யாரும் யோசிப்பார்கள். நேர்மையான மெக்கானிக்குக்கோ அது டாக்டருக்கு நோயாளியின் பழைய சீட்டு மாதிரி. சந்தோஷமாக வாங்கிப் படிப்பார்.

இனி சொல்லப் போவது நம்மில் பலருக்குக் கசக்கும். ஹோட்டலில் பரோட்டாவுக்குப் பேரம் பேசுவதில்லை. செல்போன் கவர் வாங்கக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் குனிந்து வேலை செய்த மனிதர் "கூலி முந்நூறு குடு தம்பி" என்றால், "என்னண்ணே இதுக்குப் போய் முந்நூறா? இருநூறு வச்சுக்கங்க" என்கிறோம். ஸ்பேர்ஸ் விலை ஆயிரம் என்றால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம்! இதனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? கூலியில் அவர் வயிறு நிறையாது. அப்போது வருமானத்தை எங்கே தேடுவார்? ஸ்பேர்ஸில் தேடுவார். ஒரு பொருள் மாற்றினால் கடையில் ஒரு கமிஷன். இரண்டு மாற்றினால் இரண்டு கமிஷன். சரி செய்யக்கூடியதையும் மாற்ற வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவது நம் பேரம்தான். அவருடைய அறிவுக்கும் உழைப்புக்கும் மரியாதையாகக் கூலி கொடுங்கள். தேவையில்லாத பொருளுக்குக் கொடுக்கும் காசு தானாக மிச்சமாகும்.

அவர் கற்றது எந்தப் பாலிடெக்னிக்கிலும் இல்லை. பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ யாரோ ஒருவர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடி வாங்கி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் அந்தக் காது நம் லேபில் கிடைக்காது. "ஏய் மெக்கானிக்" என்று கூப்பிடாமல் "அண்ணே" என்று கூப்பிட்டால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஏமாந்துவிட்டால்?

வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதலில் நேராகப் போய்க் கேளுங்கள். நல்லவராக இருந்தால் மறுபடி கை வைத்துச் சரி செய்து கொடுப்பார். தவறு எல்லார் வேலையிலும் வரும். சரி செய்ய மறுத்தால் நமக்குச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டும் அல்ல, காசு கொடுத்துப் பெறும் சேவைக்கும் பொருந்தும். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் அடிப்படை பில்தான். ஆகவே சின்னத் துண்டுச் சீட்டாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

நாளைக்கு நாம் எந்தப் பக்கம்?

இப்போது அப்பா சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டு இந்நேரம் நம்மில் பலர் டிப்ளமோ சான்றிதழோடு வேலைக்குப் போயிருப்போம். என் பிரிவில் சிலராவது ஏதோ ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக, டை கட்டிக்கொண்டு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்போம். மாதக் கடைசியில் மேனேஜர் வந்து, "கோட்டிங் எத்தனை போட்டே? எஞ்சின் கிளீனர் எத்தனை போட்டே?" என்று கேட்கலாம். அந்த நேரத்தில் அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர் வந்து நிற்பார். பில்லைப் பார்ப்பார், படிக்கத் தெரியாது, நம் முகத்தைப் பார்ப்பார். 'படிச்ச தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று மடியிலிருந்து காசை எடுப்பார்.

அப்போது நாம் என்ன செய்வோம்?

அந்தப் பெரியவர் வேறு யாரும் அல்ல, நம் வீட்டில் வண்டி வைத்திருக்கும் அதே அப்பாதான். நம்பிக்கையான கடை எங்கே இருக்கிறது என்று இன்று தேடும் நாம், நாளை நிற்கும் இடத்தை நம்பிக்கையான இடமாக்க முடியாதா? "இந்தச் செயின் இன்னும் ஓடும் ஐயா, இப்ப வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கு வாய் வராதா? டார்கெட்டின் நெருக்கடி எனக்கும் தெரியும். வேலையும் வேண்டும், சம்பளமும் வேண்டும். ஆனாலும் தேவையில்லாததைத் தேவை என்று சொல்வதற்கா மூன்று வருடம் படித்தோம்?

நம் மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, பேரவை அறையில் ஒரு பெரிய நோட்டு வையுங்கள். எந்தக் கடை, என்ன வண்டி, என்ன வேலை, எவ்வளவு ஆனது, திருப்தியா இல்லையா என்று விட்டு வந்தவர்கள் எழுதட்டும். திட்டுவதற்காக அல்ல, புதிதாகச் சேரும் ஜூனியர்களுக்கு வழிகாட்டுவதற்காக. இரண்டு, துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஆட்டோமொபைல் லேபில் பிரேக், செயின், டயர், லைட் ஆகிய நான்கையும் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். பழுது பார்க்க வேண்டாம். எது தேவை, எது தேவையில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலே போதும். மூன்று, ஊரில் உள்ள மெக்கானிக் அண்ணன்களை ஒரு நாள் நம் கல்லூரிக்கு அழைப்போம். காதால் கோளாறு கண்டுபிடிக்கும் வித்தையை அவர்கள் நமக்குச் சொல்லட்டும். ஃபியூவல் இஞ்செக்ஷனும் ஸ்கேனரும் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வோம். அவர்கள் பிழைப்பும் நிற்கும், நம் படிப்பும் நிற்கும்.

இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டுக்குப் போய் பீரோவில் கிடக்கும் அந்த மேனுவலைத் தேடி எடுங்கள். அப்படியே வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பின் பிரேக் கம்பியில் நட்டும் பின்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால், கடைசியாக அந்தச் சக்கரத்தில் கை வைத்த மெக்கானிக் யார் என்று விசாரித்து வையுங்கள். ஆராய வேண்டிய முதல் ஆள் அவர்தான்!